வாளியில் மிஞ்சிய கல்

ஜூன் 3, சனி

குழந்தைவேலன் இந்தக் குளிர் நாட்டுக்கும் வந்துவிட்டான்.

கடைக்குப் போய்வந்த மருமகள் சுகிர்தாதான் சொன்னாள். "மாமி, எங்கடை மேகலான்ரை அப்பா ஊரிலையிருந்து வந்திருக்கிறார். உங்கடை துறைதானாம். தண்டயல் குழந்தைவேலர் எண்டா எல்லாருக்கும் தெரியுமாம்."

உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்தேன்.

மேகலா மீன் தொழிற்சாலையில் என் மகன் உதயனோடு வேலை செய்கிறவள். அவன் மகள் என்று தெரிந்திருந்தால் போன பொங்கலுக்கு அவள் தந்த பலகாரத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். அந்த மூக்கை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று அன்றைக்கே மனம் சொன்னது. கேட்காமல் விட்டேன்.

எங்கள் பக்கத்தில் வள்ளத்தைக் கொண்டுபோய்க் கரை சேர்க்கிறவனைத் தண்டயல் என்போம். இவனுக்கு அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது.

ஆனாலும் எழுதி வைக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கும், நினைவில் பிழை இருக்காது. நாளைக்கு ஏதாவது நடந்தபின் "நீங்கள் ஏன் முன்னமே சொல்லேல்லை" என்று என்னை ஒருவரும் கேட்கக் கூடாது.

ஜூன் 5, திங்கள்

மழை. தோசைமா புளிக்கவில்லை. ஜூன் மாதத்திலும் மலையில் பனி கிடக்கிற ஊரில் மா எப்படிப் புளிக்கும். வெதுப்பி அடுப்புக்குள் வைத்துப் பார்த்தேன்.

அவன் இரண்டு முறை எங்கள் தெருவால் போனான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி. வீட்டைப் பார்க்கவில்லை. பார்க்காமல் போகிறவனைத்தான் கவனிக்க வேண்டும்.

ஜூன் 9, வெள்ளி

நான் பயந்தது வேறு வழியால் வந்துவிட்டது.

இங்கே பழைய படகுகளைப் பேணுகிற சங்கம் ஒன்று இருக்கிறது. தலைவர் ஓட்வார், தாடிக்காரர், நல்ல மனிதர், எங்களுக்குத் தொர்ஸ்க் என்கிற பெரிய கடல்மீனின் தலைகளைச் சும்மா தருவார். இந்த நாட்டுக்காரருக்குத் தலையின் அருமை தெரியாது. அவர்கள் ஒரு பழைய பாய்ப் படகைத் திருத்தி எடுத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மூக்கு நிமிர்ந்த படகு, நடுவில் ஒரே பாய்மரம், சதுரப் பாய். ஓட்வாரின் பூட்டன் அதில் மீன் பிடித்தவராம். ஜூலை எட்டாந் தேதி அதை முனையைச் சுற்றி வெளிச்சவீட்டுத் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள். என் பேத்தி லக்சனா அந்தச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறாள். பத்தொன்பது வயது. படிக்கிறது தாதி வேலைக்கு, பிடிக்கிறது கயிறு.

இராச்சாப்பாட்டில் உதயன் சந்தோசமாகச் சொன்னான்:

"அம்மா, ஓட்வார் குழந்தைவேலரையும் கூட்டிக்கொண்டு போறாராம். சின்ன வயசிலை பாய் கட்டின வத்தை வள்ளத்திலை ஓடின மனுசனெல்லோ. லக்சனாதான் மொழிபெயர்ப்பு."

"என்ரை பேத்தி அவனோடை கடலுக்குப் போக மாட்டாள்."

"ஏன் அப்பம்மா?"

"மாட்டாள் எண்டா மாட்டாள்."

சுகிர்தா தட்டைப் பார்த்தபடி, "மாமிக்கு ஆரைத்தான் பிடிச்சது" என்றாள். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். இவள் தாய் தங்கள் வீட்டுக் கலியாணத்தில் எனக்குக் கடைசிப் பந்தியில் இடம் தந்ததையே நான் இன்னும் மறக்கவில்லை.

ஜூன் 10, சனி

நடந்ததை எழுதுகிறேன். யாரும் மாற்றிச் சொல்ல வராத மாதிரி எழுதுகிறேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஆவணி. எங்கள் ஊர் வடமராட்சிக் கரையில் புளியந்துறை. மணல் கரை இல்லை, முழுக்க முருகைக்கல், வெள்ளைப் பவளக்கல். அந்தக் கல்லுப் பாறைகளுக்கு நடுவே வள்ளம் போய்வருகிற வாய்க்காலை வான் என்போம். வான் தெரியாதவன் வள்ளத்தைக் கல்லில் ஏற்றி உடைப்பான். அந்த நாட்களில் சனம் இந்தியாவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் முன்னமே வேதாரணியம் போய்ச் சேர்ந்துவிட்டார். நானும், ஆறு வயது உதயனும், என் தங்கச்சி பூரணமும் போவதாக ஏற்பாடு. குழந்தைவேலனின் மிசின் பூட்டின வள்ளம்.

அம்மா விழுந்து இடுப்பு முறிந்து படுத்திருந்தா. அவவைப் பெரியப்பா வீட்டுச் சனம் பார்க்கும் என்று பேசியாயிற்று. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

எங்கள் துறையில் வள்ளத்தில் ஏறினவர்களின் தலையை எண்ணக் கூடாது. எண்ணினால் கடலும் எண்ணும் என்பார்கள். அதற்குப் பதிலாக ஏறுகிற ஒவ்வொருவரும் கரையிலிருந்து ஒரு கல் எடுத்துவந்து, தண்ணீர் இறைக்கிற வாளிக்குள் போட வேண்டும். தண்டயல் கல்லை எண்ணுவான். அக்கரையில் இறங்கும்போது அவரவர் ஒரு கல்லை எடுத்துக் கடலில் எறிய வேண்டும். வாளி வெறுமையானால் எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

மைம்மல் பொழுது, வெளிச்சம் மங்குகிற நேரம். கழுத்தளவு தண்ணீரில் நடந்துபோய் ஏறினோம். நான் கல்லைப் போட்டேன். உதயனின் கல்லையும் போட்டேன். பூரணம் தன் கல்லைப் போட்டதைக் கண்ணால் கண்டேன். வெள்ளைக் கல். பிறகு உதயன் வாந்தி எடுத்தான், அவனைப் பிடித்தபடி குனிந்திருந்தேன். வான் கடந்தபின் நிமிர்ந்து பார்க்கிறேன், பூரணம் இல்லை.

வள்ளத்தைத் திருப்பு என்று கத்தினேன். அவன் சுக்கானை விடாமல் சொன்னான்: "கல்லுச் சரியா இருக்கு. பேசாமல் இரு பிள்ளை." அவ்வளவுதான். திருப்பவில்லை. அக்கரையில் எல்லாரும் கல் எறிந்தபின் வாளிக்குள் ஒரு கல் மிஞ்சிக் கிடந்தது. அதையும் கண்டேன். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.

பூரணம் எப்படியோ கரை ஏறினாளாம். எண்பத்தேழு மாசியில் அம்மா போனா. வைகாசியில் ஷெல் விழுந்து பூரணம் போனாள். இரண்டையும் ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். 

வள்ளம் ஏறின அன்றைக்குப் பூரணத்துக்கு இருபத்துநாலு வயது. என்னை ஒருநாளும் எதிர்த்துப் பேசாதவள். நான் கோபித்தால் அம்மாவிடம் போய், "விடணை, அக்கா ஏசினா ஆறிடுவா" என்பாள். அவளை நடுத்தண்ணீரில் விட்டுவிட்டு வந்தவன் இன்றைக்கு என் பேத்தியைக் கடலுக்குக் கேட்கிறான்.

ஜூன் 14, புதன்

குப்பை போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் பின்னால் போனேன். மீன் காயப்போடுகிற மரச் சட்டங்களைத் தாண்டி, கருங்கல் பரவிக் கிடக்கிற கரைக்குப் போனான். குனிந்து ஒரு கல் எடுத்தான். துடைத்தான். பைக்குள் போட்டான். இன்னொன்று. இன்னொன்று. பை தொங்கியது.

நான் மரச் சட்டத்துக்குப் பின்னால் பதுங்கினேன்.

அதே வேலையைத்தான் தொடங்குகிறான். என் பேத்தியின் கையிலும் ஒரு கல்லை வாங்கி வாளிக்குள் போட்டுவிட்டு, கல்லை எண்ணுவான். ஆளை எண்ண மாட்டான்.

ஜூன் 15, வியாழன்

முழங்கால் நோவு. சட்டத்தடியில் சறுக்கினதை யாருக்கும் சொல்லவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

தமிழ்ப் பள்ளிக்கூட ஒன்றுகூடல். அவனும் வந்திருந்தான். கிழண்டு போனான். இடுப்பு நாரியால் வளைந்த மாதிரி இருக்கிறான், ஆனால் கை மட்டும் அதே கை. என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"கதிராசி. சுகமா இருக்கிறியோ?"

என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற சனம் இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை. நான் வடைத் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பி அடுத்த மேசைக்குப் போனேன். அங்கே இடம் இல்லை. நின்றபடியே சாப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தபோது நான் இருந்த கதிரைக்கு முன்னால் இன்னும் நின்றுகொண்டிருந்தான். எதையோ சொல்ல வந்தவன் மாதிரி. சொல்ல இருக்கிறது என்றால் மறைத்ததும் இருக்கிறது.

ஜூன் 22, வியாழன்

லக்சனாவை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டால் பயந்து நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். இந்த நாட்டுப் பிள்ளைகள் பயப்படுவதில்லை, கேள்வி கேட்கிறார்கள்.

"அப்பம்மா, அவ வழுக்கி விழுந்தவவோ? இல்லாட்டி தானா இறங்கினவவோ?"

"ஏன் தானா இறங்கிறாள்? இந்தியாவுக்கெண்டு புதுச் செருப்பு வாங்கி வைச்சவள்."

"விழுந்திருந்தாச் சத்தம் கேட்டிருக்குமே."

"மிசின் சத்தம்."

"சரி. பூட்டியை, உங்கடை அம்மாவை, ஆர் பாத்தது? அவவாலை எழும்ப ஏலாதெல்லோ."

சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. எழும்பிப் போய்ப் பார்த்தேன். பிடிக்கவில்லை. அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தபோது அவள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போறன் அப்பம்மா. மிதப்புச் சட்டை போட்டுத்தான் போவம். குழந்தைவேலர் தாத்தா நல்ல மனுசன். படகு வேலையிலை அவர் என்னைத்தான் அடிக்கடி பாக்கிறவர்."

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 24, சனி

வெள்ளோட்டம் போனார்கள். நான் யன்னலடியில் கதிரையைப் போட்டேன்.

ஒன்றை எழுதத்தான் வேண்டும். துறைமுகத்தை விடும்போது படகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போனார்கள், வலமாக. நாங்களும் வலம் சுற்றித்தான் புறப்படுவோம். ஓட்வார் கயிற்றைத் தொடமுன்னமே அவன் சுக்கானைத் திருப்பிவிட்டான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இங்கேயும் அப்படித்தானாம், வெயில் போகிற பக்கமாகச் சுற்றுவார்களாம். கடலில் திரிகிறவர்களுக்கு எங்கேயும் ஒரு புத்தி. கெட்ட புத்தியும் அப்படித்தான்.

மத்தியானத்துக்குப் பின் மூடுபனிப் புகார் இறங்கியது. முனை மறைந்தது. பிறகு வெளிச்சவீடு. பிறகு எங்கள் வீட்டு வேலி. வரவேண்டிய நேரம் போய்விட்டது. நான் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு இறங்குதுறைக்குப் போனேன். சுகிர்தா முன்னமே அங்கே நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எடுக்கவில்லை.

முதலில் சங்குச் சத்தம், பிறகு பாய் இறக்கின மரம், பிறகு துடுப்புகள். எல்லாரும் நனைந்து, சிரித்துக்கொண்டு. லக்சனாவின் உதட்டுச் சொண்டு நீலமாக இருந்தது. புகாருக்குள் அவன் பாயை இறக்கச் சொல்லி, தொங்குகல்லுக் கயிறு விட்டு ஆழம் பார்த்துப் பார்த்து வந்தார்களாம்.

கரையில் கால் வைத்ததும் அவன் ஒரு காரியம் செய்தான். ஒவ்வொருவரின் தலையிலும் கையை வைத்து, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று வாய்விட்டு எண்ணினான். லக்சனாவின் தலையில் கை கொஞ்சம் கூட நேரம் இருந்தது.

எங்கள் துறையில் பிறந்தவன் தலையை எண்ணினான். எழுபது வருசப் பழக்கத்தை விட்டு எண்ணினான். அன்றைக்கு எண்ணாதவனுக்கு இன்றைக்கு என்ன பயம்?

ஜூன் 28, புதன்

படகுக் கொட்டில் பூட்டுவதில்லை. இந்த ஊரில் ஒன்றையும் பூட்டுவதில்லை. உள்ளே போனேன். தார் மணம், ஈரக் கயிற்று மணம். கண்ணை மூடினால் புளியந்துறை. அதனால் மூடவில்லை.

படகின் பின்பக்கம், தண்டயல் இருக்கிற பலகையின் கீழே, தண்ணீர் கோரி இறைக்கிற மரச் சட்டி. அதற்குள் கருங்கல்லுகள். நான் நினைத்தது சரி. கையை விட்டுக் கிளறினேன். அடியில் ஒரு சீலைத் துண்டு, முடிச்சுப் போட்டது. அவிழ்த்தேன்.

வெள்ளைக் கல். ஓட்டை ஓட்டையாக, கையில் எடுத்தால் கனமில்லாமல்.

முருகைக்கல்.

இந்தக் கரையில் அப்படி ஒரு கல் கிடையாது. இது எங்கள் கல்லு. எதற்காக இதை இவ்வளவு தூரம் கொண்டுவந்தான், எதற்காகச் சீலையில் முடிந்து என் பேத்தி ஏறுகிற படகில் வைத்தான்? செய்வினை என்று வாயால் சொல்ல மாட்டேன், சுகிர்தா சிரிப்பாள்.

மேற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஓட்வார் எதிரே வந்தார். "ஹை ஹை" என்றார். நானும் "ஹை ஹை" என்றேன்.

ஜூன் 29, வியாழன்

கல்லை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். சோறு போட அரிசி அள்ளும்போதெல்லாம் கையில் இடிக்கிறது.

ஜூலை 1, சனி

அவன் வந்தான்.

உதயனும் சுகிர்தாவும் பக்கத்துப் பட்டினத்துக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தேன், மூடவில்லை, வழி விடவும் இல்லை.

"கதிராசி, கல்லை எடுத்தது நீதானே?"

"எந்தக் கல்லு?"

"தமிழ் ஆச்சி ஒராள் கொட்டிலுக்குள்ளையிருந்து வந்தவ எண்டு ஓட்வார் சொன்னவராம். இந்த ஊரிலை எத்தினை ஆச்சி இருக்கு?"

"உங்கடை கல்லெண்டு அதிலை பேர் எழுதியிருக்கோ?"

"என்ரை கல்லில்லை. அது பூரணத்தின்ரை."

அந்தப் பெயரை அவன் வாயால் கேட்டேன். கதவைப் பிடித்தேன். அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சொல்லாமலே கதிரையில் இருந்தான். மூச்சு வாங்கினான். பிறகு சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவள் கல்லைப் போட்டவள்தான். போட்டிட்டு என்ரை பின்பக்கம் வந்து காதுக்குள்ளை சொன்னவள். நான் இறங்கிறன் அண்ணை, என்ரை கல்லு வாளிக்குள்ளை இருக்கட்டும். அக்கா பாத்தா நானும் வாறன் எண்டு நினைக்கட்டும். அம்மா அங்கை தண்ணி கேட்டாலும் குடுக்க ஆளில்லை எண்டாள். பெரியப்பா வீட்டாரும் அடுத்த வள்ளத்துக்குச் சொல்லி வைச்சிருந்தவை, தெரியும்தானே."

மேசைத் துணியை இழுத்துச் சரிபண்ணினேன்.

"நான் மறிச்சனான். அக்காவுக்கு என்ன சொல்லுறது பிள்ளை எண்டு கேட்டன். கல்லுச் சரியா இருக்கு எண்டு சொல்லுங்கோ எண்டாள். உண்மை தெரிஞ்சா அவவும் இறங்கிடுவா, சின்னப் பொடியனோடை. அங்கை போன பிறகும் சொல்லாதேங்கோ, அம்மாவை விட்டிட்டு வந்தது அவவுக்குக் குத்தும். நீங்கள் விட்டிட்டு வந்ததா இருக்கட்டும். உங்களை ஏசட்டும். அக்கா ஏசினா ஆறிடுவா எண்டாள்."

தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. போய் இறுக்கினேன். திரும்பி வந்தேன்.

"பொய்" என்றேன்.

"சரி."

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீ ஆறுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஆறேல்லை. எனக்கும் காலம் முடியப்போகுது." கையை விரித்துப் பார்த்தான். "அடுத்தடுத்த தரம் வந்துபோகேக்கை பூரணத்திட்டை மீன் கொண்டுபோய்க் குடுத்தனான். கொம்மா கடைசி மட்டும் அவளின்ரை கையாலைதான் கஞ்சி குடிச்சவா. அந்தக் கல்லை நான் எறிய ஏலாது கதிராசி. இறங்காத ஆளின்ரை கல்லை வேறை ஆள் எறியக் கூடாது. உரித்துக்காரர்தான் எறியலாம். உன்னட்டைக் குடுக்கத்தான் அண்டைக்கு வந்தனான், நீ வடைத் தட்டோடை எழும்பிட்டாய், அதுதான் சட்டிக்குள்ளை வைச்சனான்."

அரிசி வாளியைத் திறக்கவில்லை. கல்லைக் கொடுக்கவில்லை. ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணீர் வைத்தேன், சீனி போடாமல். குடித்துவிட்டுப் போனான்.

ஜூலை 2, ஞாயிறு

அவன் பொய் சொல்லியிருக்கலாம். செத்தவளின் பெயரில் எதையும் சொல்லலாம், அவள் வந்து மறுக்கப் போவதில்லை.

ஜூலை 4, செவ்வாய்

ஓட்வார் மீன் தலை ஒரு வாளி தந்தார். வெட்டினேன். குழம்பு வைத்தேன்.

"அக்கா ஏசினா ஆறிடுவா." அதை அவள் அம்மாவிடம் மட்டும்தான் சொல்வாள். குசினிக்குள், மெதுவாக. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். உதயன் அப்படியே சாப்பிட்டான்.

ஜூலை 7, வெள்ளி

நாளைக்கு நானும் போகிறேன் என்று சொன்னேன். சுகிர்தா சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"அம்மா, உங்களுக்கு எழுபத்தொண்டு" என்றான் உதயன்.

"அவனுக்கு எண்பது. அவனைப் பக்கத்திலையிருந்து பாக்க ஆள் வேணும்."

ஓட்வாரிடம் லக்சனா கேட்டாள். ஆச்சி வாந்தி எடுப்பாவா என்று மட்டும்தான் அவர் கேட்டாராம்.

ஜூலை 8, சனி

ஊர் முழுக்க இறங்குதுறையில். கொடி, வாத்தியம், வாட்டின இறைச்சி மணம். எனக்கு மூன்று காற்சட்டை, அதற்கு மேலே மிதப்புச் சட்டை. மூட்டை மாதிரி நடந்தேன்.

ஏறுகிற இடத்தில் அவன் மரச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓட்வார் ஒரு கருங்கல் போட்டார். அவருடைய ஆட்கள் ஆளுக்கொன்று போட்டார்கள், கோயிலில் திருநீறு வாங்குகிற மாதிரி அவ்வளவு மரியாதையாக. லக்சனா போட்டாள். நான் கரையில் எடுத்து வைத்திருந்த கருங்கல்லைப் போட்டேன். பிறகு பைக்குள் கைவிட்டு மற்றக் கல்லை எடுத்தேன். அரிசி மா ஒட்டியிருந்தது. அதையும் போட்டேன்.

அவன் சட்டிக்குள் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. சட்டியைத் தன் காலடியில் வைத்துக்கொண்டான்.

வலம் சுற்றினோம். பாய் விரிந்தது. நான் பின்பலகையில் அவனுக்குப் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளி விட்டு இருந்தேன்.

முனை வரைக்கும் கடல் நல்ல பிள்ளை. முனையைத் தாண்டினதும் வடக்கிலிருந்து அலை வந்தது. மலைபோல என்று சொல்ல மாட்டேன், நான் மலையும் கண்டிருக்கிறேன், கடலும் கண்டிருக்கிறேன். நீளமாக, அவசரமில்லாமல், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. படகு ஏறும்போது வானம் மட்டும், இறங்கும்போது கரும்பாறை மட்டும். பாறை முழுக்க வெள்ளைப் பறவைகள் கத்தின. ஓட்வாரின் ஆட்களில் ஒருவன் ஓரத்தில் தலையை விட்டு வாந்தி எடுத்தான். நல்ல உயரமான பொடியன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

பாறை மூலையில் காற்று திடீரென்று பக்கம் மாறியது. பாய் படாரென்று அடித்தது. லக்சனா கயிற்றோடு இழுபட்டு முழங்காலில் விழுந்தாள். "கயிறை விடாதை பிள்ளை, காலை ஊண்டு" என்று அவன் கத்தினான். அந்த நேரம்தான் கண்டேன், சுக்கான் கட்டையில் அவன் கை வழுகுகிறது. விரல் மடங்கவில்லை. கிழட்டுக் கை. படகின் மூக்கு பாறைப் பக்கம் சாயத் தொடங்கியது. அவன் உதவி கேட்கவில்லை. அவன் கேட்க மாட்டான், முன்னமும் ஒன்றும் கேட்டவன் இல்லை.

அவன் கைக்கு மேலே என் கையை வைத்து அமத்தினேன்.

"உன்ரை பக்கம் இழு, கதிராசி. இன்னும். இன்னும் கொஞ்சம். இப்ப பிடிச்சுக்கொண்டிரு."

பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டை நடுங்கினது என் நெஞ்சு வரை வந்தது. பறவைச் சத்தம் பின்னால் போனது. மூக்குத் திரும்பியது. பாய் நிறைந்தது. ஓட்வார் திரும்பிப் பார்த்துப் பெருவிரலைக் காட்டினார். தீவு வரும்வரை இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. குளிரில் எடுக்கவும் முடியவில்லை.

"அண்டைக்கும் இப்பிடித்தான் காத்து" என்றார் குழந்தைவேலர்.

"ஓம்" என்றேன். "இப்பிடித்தான்."

தீவில் வெளிச்சவீட்டடியில் இறங்கினோம். ஒவ்வொருவராகச் சட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தண்ணீருக்குள் எறிந்தார்கள். ஓட்வார் தூரமாக எறிந்தார், சின்னப்பிள்ளை மாதிரி. நானும் என் கருங்கல்லை எறிந்தேன். கடைசியில் வெள்ளைக் கல் மட்டும் கிடந்தது. குழந்தைவேலர் சட்டியை என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். லக்சனா பக்கத்தில் வந்து நின்றாள்.

எடுத்தேன். கையை ஓங்கினேன்.

எறியவில்லை.

"ஏன்?" என்று கேட்டார்.

"அவள் இஞ்சை வர ஏறினவளில்லை. இறங்கிறதுக்குத்தான் ஏறினவள்."

கல்லைப் பைக்குள் போட்டேன். அவர் வெறுஞ்சட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். அதன்பிறகு எல்லாருக்கும் வாட்டின மீனும் கிழங்கும் தந்தார்கள். உப்பு நல்ல அளவு.

ஜூலை 9, ஞாயிறு

உள்ளங்கை உரிந்திருக்கிறது. சுகிர்தா மருந்து பூசினாள். மெதுவாகத்தான் பூசினாள்.

காலையில் உதயனிடம் சொன்னேன், தையில் ஊருக்கு விமானச் சீட்டுப் போடு என்று. வாயைத் திறந்தபடி பார்த்தான். முன்னம் அவன் எத்தனையோ தரம் கேட்டபோதெல்லாம், அந்த மண்ணில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவள் நான்.

"புளியந்துறைக்கோ அம்மா?"

"அங்கைதான். வீட்டடிக்கும் போக வேணும். அம்மா படுத்திருந்த அறை நிக்குதோ தெரியாது."

"தனியவோ போகப் போறியள்?"

"ரெண்டு சீட்டுப் போடு. குழந்தைவேலருக்கும். வான் எது எண்டு அவருக்குத்தான் தெரியும்."

அவள் இறங்கின இடத்தில் எறியும்வரை கல் என்னிடம்தான் இருக்கும். வழியில் அவர் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். முப்பத்தெட்டு வருசம் ஒரு வார்த்தையை வாய்க்குள் வைத்திருந்த மனுசன், இன்னும் என்னென்ன வைத்திருக்கிறாரோ.